பூச்சு பூசிய வீடும் பூசாத வீடும்

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் மார்ச் மாதம் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களும் படிக்கட்டும் என்று இதழ்க் குழுவினர் கேட்டதால் எழுதித் தந்திருக்கிறேன்.)



"புதுச்சேரி போய் வந்தீங்களாமே சார், ஒரு அரை மணி நேரம் பேசுங்களேன்" என்று செயலாளர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் பேச்சாளன் இல்லை. முப்பத்தாறு ஆண்டுகள் வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து, "டோக்கன் நம்பர் நாற்பத்தேழு" என்று கூப்பிட்டதுதான் நான் கூட்டத்தைப் பார்த்துப் பேசிய பேச்சு. ஆனாலும் ஒப்புக்கொண்டேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் திருமண நாளுக்காகப் பெண் ஒரு பரிசு தந்தாள். புதுச்சேரியில், வெள்ளை நகரம் என்றும் ஒயிட் டவுன் என்றும் சொல்கிற பகுதியில், ஒரு 'பொட்டிக்' ஹோட்டலில் இரண்டு இரவு தங்குவதற்கு முன்பதிவு. அந்தச் சொல்லைக் கேட்டதும் நான் தையல் கடை என்று நினைத்துக்கொண்டேன். நம் தெருமுனையில் ரவிக்கை தைக்கிற கடைக்கும் அந்தப் பெயர்தானே. பிறகு பெண் விளக்கினாள். நூறு அறை, இருநூறு அறை கொண்ட பெரிய ஹோட்டல் இல்லை. ஏழெட்டு அறை, பத்துப் பதினைந்து அறை கொண்டது. ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு மாதிரி. பெரும்பாலும் பழைய வீட்டைச் செப்பனிட்டு அமைத்தது. வந்தவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிற அளவுக்குச் சிறியது.

எனக்கு வெளியூரில் தங்கிய அனுபவம் என்றால் வங்கியின் ஹாலிடே ஹோம்தான். எல்.எஃப்.சி. எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போவோம். ஒரு நாளைக்கு மிகச் சொற்பமான வாடகை. போர்வை நம்முடையது, பக்கெட் அவர்களுடையது. அப்படி வாழ்ந்தவனுக்கு ஓர் இரவுக்கு 7,400 ரூபாய் என்றதும் நெஞ்சு கொஞ்சம் அடைத்தது. "கேன்சல் பண்ணினா பணம் திரும்ப வராதுப்பா" என்று சொல்லி வாயை அடைத்துவிட்டாள். பெண் என்னை நன்றாக அறிந்தவள்.

ஊரைப் பற்றி இரண்டு வார்த்தை. புதுச்சேரியில் வடக்குத் தெற்காக ஒரு வாய்க்கால் ஓடுகிறது. பெரிய வாய்க்கால் என்று பெயர். அதற்குக் கிழக்கே, கடலை ஒட்டி இருப்பது பிரெஞ்சுக்காரர் பகுதி. மேற்கே தமிழர் பகுதி. 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இன்று நாம் பார்க்கிற வீடுகளெல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவை. 1954 நவம்பர் முதல் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டில் முடிந்தது. தெருக்களின் பெயர்ப் பலகைகளில் இன்றும் பிரெஞ்சுப் பெயர்கள் இருக்கின்றன. போக்குவரத்துக் காவலர் தலையில் சிவப்புத் தொப்பி இருக்கிறது.

கிழக்குப் பக்க வீடுகளைத் தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உயரமான மதில், பெரிய மரக் கதவு, மேலே காகிதப்பூ கொடி, அவ்வளவுதான். கதவைத் திறந்து உள்ளே போனால்தான் தோட்டமும் தூண்களும் தெரியும். மேற்குப் பக்கம் நம் வீடுகள் நேர் எதிர். தெருவிலேயே திண்ணை, அதற்கு மேல் தாழ்வாரம், வழிப்போக்கர் உட்காரலாம். வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் நடந்து பார்த்தீர்களானால், ஒரு பக்கம் வீடு தெருவுக்கு முதுகைக் காட்டுகிறது, இன்னொரு பக்கம் தெருவைப் பார்த்து வாங்க என்கிறது. சில வீடுகளில் கீழே திண்ணையும் முற்றமும், மாடியில் பிரெஞ்சுத் தூண்களும் கைப்பிடிச் சுவரும் என்று இரண்டும் கலந்திருக்கும்.

நாங்கள் தங்கிய வீடு கிழக்குப் பக்கம், கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. பெயரைச் சொல்லவில்லை, விளம்பரமாகிவிடும். கட்டி நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் ஆயிற்று என்றார்கள். மஞ்சள் சுவரில் வெள்ளைப் பட்டை. நடுவில் முற்றம், அதில் ஒரு மாமரம். மொத்தம் ஏழு அறை. எங்கள் அறையின் கூரை எவ்வளவு உயரம் என்றால், நம் வீட்டு ஹாலின் மேல் இன்னொரு பரணும் வைக்கலாம். மேலே தேக்கு உத்தரங்கள் வரிசையாக ஓடுகின்றன. ஜன்னலுக்குச் சாய்வான பட்டைகள் வைத்த பச்சை மரக் கதவுகள். காற்று வரும், வெயில் வராது. டி.வி. கிடையாது. முதல் ஒரு மணி நேரம் கை ரிமோட்டைத் தேடியது. பிறகு மறந்துபோயிற்று.

கட்டில் உயரமானது. என் மனைவிக்கு முழங்கால் வலி. ஏற முடியாமல் நிற்பதைப் பார்த்த அறை உதவியாளர், சொல்லாமலே ஒரு மரப் படி கொண்டுவந்து போட்டார். "ஹோட்டலில் கேட்டால் கிடைக்கும், இங்கே கேட்பதற்கு முன்பே கிடைக்கிறது" என்று நான் சொன்னேன். மனைவியோ மறுநாள் காலை, அறையைச் சுத்தம் செய்ய ஆள் வருவதற்குள் படுக்கையை உதறி, போர்வையை மடித்து, குளியலறையைத் துடைத்து வைத்துவிட்டாள். "ஏங்க, வர்றவங்க நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்றாள். துடைப்பத்தோடு வந்த அம்மா, "நீங்களே எல்லாத்தையும் செஞ்சுட்டா எனக்கு எதுக்கும்மா சம்பளம்?" என்று சிரித்தார். இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பயணத்தில் அவளுக்கு மிகவும் பிடித்தது அந்த அரை மணி நேரம்தான் என்று நினைக்கிறேன்.

காலை உணவுக்கு குரோசானும் நீள ரொட்டியும் வெண்ணெயும். முதல் நாள் இரவே சொல்லிவைத்தால் இட்லியும் உண்டு. சொல்லிவைத்தோம். காபியைப் பற்றிக் கேட்காதீர்கள். கண்ணாடிக் குடுவையில் அழுத்தி எடுத்த கறுப்புத் தண்ணீர். நேரு வீதிப் பக்கம் நடந்து போய் டிகிரி காபி குடித்த பிறகுதான் அன்றைய பொழுது விடிந்தது.

மாலையில் கடற்கரைச் சாலை. மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை மணிவரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. செஞ்சியிலிருந்து வந்த எட்டு கற்றூண்களுக்கு நடுவில் காந்தி சிலை, பக்கத்தில் 1836ஆம் ஆண்டுப் பழைய கலங்கரை விளக்கம். ஹாரன் சத்தமே இல்லாமல் ஒரு பெரிய சாலையில் நடப்பது எப்படி இருக்கும் என்பதை நம்மில் பலரும் மறந்திருப்போம். வார நாளாகப் பார்த்துப் போனால்தான் இந்த நிம்மதி. சனி, ஞாயிறில் மஞ்சள் சுவர் கண்ட இடமெல்லாம் நின்று படம் எடுக்கிற கூட்டம் நகரவிடாது என்று அங்கிருப்பவர்களே சொன்னார்கள்.

நீங்களும் போவதாக இருந்தால் உதவும் என்று சில செய்திகள். வங்கிக்காரன் புத்தி, மன்னியுங்கள்.

முதலாவது, அறைக் கட்டணத்தில் 7,500 என்பது ஒரு கோடு. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையான அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு வரி 370, மொத்தம் 7,770. 7,600 ரூபாய் அறைக்கு வரி 1,368, மொத்தம் 8,968. வாடகையில் இருநூறு ரூபாய் கூடினால், கையிலிருந்து 1,198 ரூபாய் கூடுதலாகப் போகிறது. அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் விலை சொன்னால், கீழே கொண்டுவர முடியுமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

இரண்டாவது, சாப்பாட்டு பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகச் சேர்க்கக் கூடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இலேயே சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நாங்கள் இரவு சாப்பிட்ட ஓர் உணவகத்தில் 10 சதவீதம் போட்டிருந்தார்கள். பணிவாகக் கேட்டேன், எடுத்துவிட்டார்கள். பரிமாறிய பையனுக்குத் தனியாகக் கையில் கொடுத்தேன்.

மூன்றாவது, சில விடுதிகளில் கார்டைத் தேய்த்து ஒரு முன்தொகையை நிறுத்திவைப்பார்கள். பணம் போய்விடாது, நாம் கிளம்பிய பின் விடுவிக்கப்படும், சில நாள் ஆகலாம். டெபிட் கார்டு கொடுத்தால் அதுவரை உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே பணம் முடங்கும். கிரெடிட் கார்டு இருந்தால் அதைக் கொடுப்பது நல்லது. ஆதார் நகல் கேட்டால், முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைத் தரவிறக்கம் செய்து கொடுங்கள்.

நான்காவது, இது நம் வயதுக்காரர்களுக்கு. பழைய வீடுகளில் லிஃப்ட் இருக்காது. மாடிப்படி செங்குத்தாக இருக்கும். குளியலறை வாசலில் உயரமான படி இருக்கும், பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்காது. முன்பதிவு செய்யும்போதே தரைத்தள அறை வேண்டும் என்று சொல்லுங்கள். எங்கள் குளியலறையிலும் கம்பி இல்லை. எழுத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

இரண்டாம் நாள் காலை ஆறரை மணி. மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் முற்றத்துக்கு வந்தேன். பின்பக்கச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒரு பெரியவர் பூச்சைக் கொத்தி எடுத்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருப்பார். பக்கத்தில் ஒரு தொட்டியில் வெண்ணெய் மாதிரி வெள்ளையாக ஏதோ ஊறிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, என்ன இது, சிமெண்ட் மாதிரி இல்லையே?" என்று கேட்டேன்.

"சிமெண்டா? அது பட்டா இந்தச் செவுரு செத்துடும் ஐயா. இது சுண்ணாம்புச் செவுரு. மூச்சு விடணும்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். சுண்ணாம்பை நீற்றி வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரை அதில் சேர்க்க வேண்டும். பிறகு மணலோடு கலந்து அரைத்துப் பூச வேண்டும். இப்படிப் பூசிய சுவருக்குள் ஈரம் நிற்காது.

"தண்ணி கீழேருந்து ஏறும், மழையில மேலேருந்து இறங்கும். அத யாராலயும் தடுக்க முடியாது. சுண்ணாம்பா இருந்தா வெயில் வந்ததும் வெளிய போயிடும். மேல சிமெண்டப் பூசிட்டீங்கன்னா பளபளன்னுதான் இருக்கும். ஈரம் உள்ளயே நிக்கும். ரெண்டு வருசத்துல செங்கல்லு பொரிஞ்சு மாவாயிடும். வெளியேருந்து பார்த்தா தெரியாது."

கூரையையும் காட்டினார். தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதற்கு மேல் தட்டோடு. மெட்ராஸ் டெரஸ் என்று நம் தாத்தா காலத்து வீடுகளில் பார்த்திருப்போம். இரும்புக் கம்பி ஒன்றுகூட இல்லாத கூரை.

"எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை இப்படிப் பார்ப்பீங்க?" என்று கேட்டேன்.

"வருசா வருசம் ஐயா. மழை முடிஞ்சதும் வீட்டச் சுத்தி வருவேன். எங்க உப்புப் பூத்திருக்கோ அங்க கொத்தி எடுத்துட்டுப் பூசுவேன். இந்த வருசம் ரெண்டு முழம். விட்டுட்டா அடுத்த வருசம் ஒரு செவுரு. அதுக்கும் அடுத்த வருசம் நான் எதுக்கு, இடிக்கிறவன்தான் வருவான்."

அப்போது நான் தலையை உயர்த்திப் பார்த்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம், அடுத்த வீடு. அதே மாதிரி வீடு. அதே உயரம், அதே தூண். ஆனால் கைப்பிடிச் சுவரைப் பிளந்துகொண்டு ஓர் அரச மரம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. மாடிக் கூரை நடுவில் உள்வாங்கியிருக்கிறது. ஜன்னல் கதவு ஒரு கீலில் தொங்குகிறது. இரண்டு வீடும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் கட்டியவையாம்.

"அந்த வீட்டுக்கு என்ன ஆச்சு?" என்று காலை உணவின்போது விடுதி மேலாளரிடம் கேட்டேன். இளைஞர், உள்ளூர்க்காரர். "பன்னிரண்டு பங்குதாரர் சார். பாதிப் பேர் பிரான்சுல, மீதிப் பேர் காரைக்கால், சென்னைன்னு இருக்காங்க. யாருக்கும் வீட்டை விட மனசில்ல. ஆனா ரிப்பேருக்குப் பணம் கேட்டா, என் பங்கு சின்னது, பெரிய பங்கு வெச்சிருக்கிறவரு முதல்ல போடட்டும்னு ஒருத்தர ஒருத்தர் கை காட்டுவாங்க. நான் ஸ்கூல்ல படிக்கும்போது அந்த வீட்டு மாடியில விளையாடியிருக்கேன் சார்" என்றார்.

"உங்களுக்கு வருமானம் வருது, அதனால செலவு பண்றீங்க" என்று நான் விடவில்லை.

"எல்லா மாசமும் அறை நிரம்பாது சார். ஆனா நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும், வர்றதுல ஒரு பங்கைக் கட்டடத்துக்குன்னு தனிக் கணக்குல முதலாளி போட்டுடுவார். சம்பளத்துக்குப் பணம் இல்லாத மாசம்கூட அதைத் தொடமாட்டார், வெளியில கடன் வாங்குவார்" என்றார்.

அன்று மாலை கடற்கரைச் சாலையில் மேரி கட்டடத்துக்கு முன்னால் நின்றோம். மேரி என்றால் பிரெஞ்சில் நகராட்சி மன்றம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியது. ஊர்க்காரர்களுக்குப் பிறப்புச் சான்று, திருமணப் பதிவு எல்லாம் ஒரு காலத்தில் அங்கேதான். பழுதுபார்க்க வேண்டும், பழுதுபார்க்க வேண்டும் என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்தது. பிறகு அதே இடத்தில், பழைய தோற்றத்திலேயே, புதிதாகக் கட்டினார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது இருப்பது அந்தக் கட்டடம் இல்லை, அதன் படம்.

அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கட்டிலில் படுத்து உத்தரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு பங்குதாரர் சேர்ந்து ஒரு வீட்டை இப்படி விட்டார்கள் என்றால், நாம் அறுபத்து நான்கு பேர் இருக்கிறோமே என்று தோன்றியது.

உங்களில் பலருக்கு நினைவிருக்கும். சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில், கட்டடப் பராமரிப்புக்கான கார்பஸ் நிதிக்குச் சதுர அடிக்கு மாதம் ஒரு ரூபாய் கூடுதலாக வசூலிக்கலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. அதை எதிர்த்துப் பேசியவன் நான். மூன்று தாளில் கணக்கெழுதிக்கொண்டு வந்தேன். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்கு மாதம் 900 ரூபாய் என்பது மருந்துச் செலவு என்றேன். கட்டடம் நன்றாகத்தானே இருக்கிறது, வெடிப்பு வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். என் கணக்கில் ஒரு பைசா தவறு இல்லை. நீங்கள் கைதட்டினீர்கள். வந்திருந்த நாற்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் எதிர்த்து வாக்களித்தீர்கள். தீர்மானம் தோற்றது.

டிசம்பர் மழையில் பி பிளாக் மேல்தளத்தில் ஒரு வீட்டில் படுக்கையறைக் கூரையிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து கட்டில்மேல் விழுந்தது. அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். பகல் நேரம், அறையில் யாரும் இல்லை. இரவாக இருந்திருந்தால் அந்தக் கட்டிலில் அவருடைய பேரன் படுத்திருப்பான். நாம் அவசரமாகப் பேச்சுவார்த்தை நடத்தி, மேலே சிமெண்ட் பூசி, வெள்ளை அடித்துக் கொடுத்தோம். பளபளவென்று இருக்கிறது. நம் வீடு சுண்ணாம்பு வீடு இல்லை, கம்பி போட்ட கான்கிரீட். ஆனால் கதை ஒன்றுதான். மொட்டைமாடித் தளத்தில் ஊறிய தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி உப்பும். உப்பினால் கான்கிரீட்டை வெளியே தள்ளும். கீழே எத்தனை முறை பூசினாலும், மேலே தண்ணீரை நிறுத்தாதவரை அது தள்ளிக்கொண்டேதான் இருக்கும்.

சில நாள் கழித்து லிஃப்டில் அவரைப் பார்த்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அன்னைக்கு நீங்க சொன்ன கணக்கு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு சார்" என்று மட்டும் சொன்னார். நான்கு மாடி இறங்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்றால் என்ன என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன். ஒரு சொத்து ஆண்டுதோறும் தேய்கிறது. ஏட்டில் அதை எழுதிவிட்டால் மட்டும் போதாது. அதற்கு ஈடான பணத்தை ஆண்டுதோறும் வெளியே எடுத்து முதலீடு செய்தால்தான், சொத்து தேய்ந்து தீரும்போது கையில் பணம் இருக்கும். சிங்க்கிங் ஃபண்ட் என்று அதற்குத் தனிப் பாடமே இருந்தது. நாற்பது ஆண்டுக்கு முன் படித்த அந்தப் பாடத்தை எனக்கு விளங்க வைத்தவர், சுண்ணாம்புக் கரண்டியோடு உட்கார்ந்திருந்த அந்தப் பெரியவர்தான்.

இப்போது வேறொரு கணக்கு சொல்கிறேன். நம் வீடுகள் சராசரி 900 சதுர அடி. அறுபத்து நான்கு வீட்டுக்கு 57,600 சதுர அடி. சதுர அடிக்கு மாதம் ஒரு ரூபாய் என்றால் ஆண்டுக்கு 6,91,200 ரூபாய். மொட்டைமாடி முழுவதற்கும் நீர்க்கசிவுத் தடுப்பு வேலை செய்ய நமக்கு வந்திருக்கிற மதிப்பீடு 14 லட்சம். கிட்டத்தட்ட இரண்டே ஆண்டில் சேர்ந்துவிடும் தொகை. ஒரு வீட்டின் பங்கு ஆண்டுக்கு 10,800. நாங்கள் இரண்டு பேர் அந்த விடுதியில் இரண்டு இரவு தூங்கியதற்கு வரியோடு ஆனது 15,540. வேறொருவர் வீட்டின் கூரை நன்றாக இருந்ததற்காக அந்தப் பணத்தைப் பெண் சந்தோஷமாகக் கொடுத்தாள். என் தலைக்கு மேல் இருக்கும் கூரைக்கு நான் 900 ரூபாய் கொடுக்க மறுத்திருக்கிறேன்.

இதில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வசதி இல்லை என்பது எனக்குத் தெரியும். நான் அன்று சொன்ன மருந்துச் செலவு பொய் இல்லை, இன்றும் உண்மைதான். ஆகவே அடுத்த மாதப் பொதுக்குழுவில் தீர்மானம் மறுபடி வரும்போது, நான் ஆதரித்து வாக்களிப்பதோடு மூன்று திருத்தங்களையும் முன்வைக்கப் போகிறேன். ஒன்று, முதல் ஆறு மாதத்துக்கு ஐம்பது காசு, அதன்பின் ஒரு ரூபாய். இரண்டு, இந்தப் பணம் தனிக் கணக்கில், வைப்புத் தொகையாக இருக்க வேண்டும். வாட்ச்மேன் சம்பளத்துக்கும் தீபாவளி விளக்குக்கும் அதைத் தொடக் கூடாது. வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் 5 லட்சம் வரைதான் என்பதால், தொகை வளர வளர இரண்டு மூன்று வங்கிகளில் பிரித்துப் போட வேண்டும். மூன்று, ஒவ்வொரு காலாண்டும் இந்த இதழிலேயே இருப்பு எவ்வளவு, வட்டி எவ்வளவு, செலவு எவ்வளவு என்று வெளியிட வேண்டும். கஷ்டப்படும் வீடுகள் யாரென்று வெளியே தெரியாமல், தவணை நீட்டித்துக் கொடுக்கும் பொறுப்பைச் செயற்குழு ஏற்க வேண்டும்.

கணக்கெழுத ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அந்த வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். சம்பளம் வேண்டாம். மழை முடிந்ததும் ஆண்டுக்கு ஒரு முறை கட்டடத்தைச் சுற்றி வந்து, எங்கே ஈரம், எங்கே வெடிப்பு என்று எழுதிவைக்கவும் தயார். கூட இரண்டு பேர் வந்தால் நல்லது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் ஏற எனக்கு இப்போது பயம்.

புதுச்சேரிக்குப் போய் வாருங்கள். வார நாளில், தரைத்தள அறையில், 7,500க்குக் கீழே. நல்ல பூச்சு பூசிய ஒரு வீட்டில் இரண்டு நாள் இருந்து பாருங்கள். அதன் மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வீட்டையும் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பி பிளாக் அம்மா இன்று முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அன்று நான் சொன்ன கணக்கை அவர் மறக்கவில்லை. இன்று சொன்ன கணக்கையும் அவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.